கேட்ட பாட்டும் கொண்ட பொருளும்

(மேல்வகுப்பு மாணவர்க்கும் பெற்றோருக்கும் உரிய பாடக் கட்டுரை)

இயல், இசை, நாடகம் எனத் தமிழை மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். பாட்டு என்பது இம்மூன்றும் கூடும் இடம். அதற்குச் சொல் உண்டு, பண் உண்டு, அச்சொல்லை யார், யாரை நோக்கி, எந்த நிலையில் நின்று சொல்கிறார் என்ற காட்சியும் உண்டு. எனவே, பாட்டொன்றைப் பெற்றுக்கொள்பவர் அதனை மூன்று வழிகளில் இழந்துவிடலாம். சொல்லைப் பற்றிக்கொண்டு இசையை விட்டுவிடலாம். இசையைப் பற்றிக்கொண்டு சொல்லை விட்டுவிடலாம். இவ்விரண்டையும் பற்றிக்கொண்டு, பேசுபவர் யார் என்பதை மறந்தும் விடலாம். மூன்றாவது இழப்பே எளிதில் கண்ணுக்குப் புலப்படாதது.

தம்மை ஈர்த்த பாடலாசிரியர்களை இசைவாணர்களும் பின்வந்த பாடலாசிரியர்களும் எவ்வாறு புரிந்துகொண்டனர், எங்கே பிறழப் புரிந்துகொண்டனர் என்பதே இப்பாடத்தின் பொருள். இதனை விளக்க உலகெங்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. நாம் நமக்கு அண்மையில் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது நந்தனார் கதை. ஒரே கதை கைமாறிக் கைமாறிச் சென்றபோது அதற்கு நேர்ந்தவற்றை வரிசையாகக் காண்போம்.

1. சேக்கிழார் சொன்ன நந்தனார்

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் நந்தனாரின் பெயர் திருநாளைப்போவார் நாயனார் என்பதாகும். ஆதனூரில், தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட குலத்திற் பிறந்தவர் அவர். கோயிற் பேரிகைகளுக்கு வேண்டிய தோலையும் வாரையும், வீணைக்கும் யாழுக்கும் வேண்டிய நரம்பையும் கொடுத்து வந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். மாணவர்கள் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கோயிலினுள் எழும் இசைக்குத் தோலும் நரம்பும் தந்தவர், அவ்விசை எழும் இடத்தினுள் கால்வைக்க இயலாதவராக வாசலிலே நின்றார்.

தில்லைக்குச் செல்ல வேண்டும் என்ற வேட்கை அவருக்கு உண்டு. ஆயினும் தமது பிறப்பு அதற்கு இசையாது என்று தாமே எண்ணித் தயங்குகிறார். தயங்கியவர், மறுபடியும் ஆசை மேலிட, நாளைப் போவேன் என்கிறார். இப்படியே நாட்கள் கழிகின்றன. அதனாலேயே அவருக்கு அப்பெயர் ஏற்பட்டது.

இங்கே ஒரு சொற்பிரிப்புப் பாடமும் உள்ளது. 'திருநாளைப்போவார்' என்ற பெயரைத் திருநாள் + ஐ என்று பிரித்துத் திருவிழாவுக்குப் போகிறவர் என்று பொருள் கொள்வார் உளர். சரியான பிரிப்பு திரு + நாளை + போவார் என்பதே. ஓர் எழுத்தும் மாறவில்லை. பிரிக்கும் இடம் மாறியதும் பொருள் மாறிவிட்டது. இராகத்துக்காகச் சொல்லை இழுத்தும் அறுத்தும் பாடும்போது இத்தகைய மாற்றங்கள் எத்தனை நேரக்கூடும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2. கோபாலகிருஷ்ண பாரதியார் செய்த மாற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, நாகபட்டினத்தை அடுத்த நரிமணத்திற் பிறந்து மாயூரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார், இக்கதையைக் கதாகாலட்சேபத்திற்கு உரிய இசை நூலாக இயற்றினார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை என்ற அந்நூலிலே கீர்த்தனைகளோடு நொண்டிச்சிந்து, கண்ணி முதலிய எளிய வடிவங்களும் கலந்து வருகின்றன. வித்துவானும் உழவனும் ஒருங்கே இருந்து கேட்கத்தக்க நூல் அது.

சேக்கிழாரிடத்தில் இல்லாத ஒருவரை அவர் கதையினுள் கொண்டுவந்தார். அவர்தாம் நந்தனாரை ஆளும் நிலக்கிழாராகிய வேதியர். மார்கழித் திருவாதிரைக்குத் தில்லை செல்ல நந்தனார் விடை கேட்கிறார். வேதியர் ஏசி மறுக்கிறார். பின்னர், வயல் முழுவதையும் ஒரே இரவில் விளைவித்து அறுவடை செய்தால் போகலாம் என்று இயலாத நிபந்தனை ஒன்றை விதிக்கிறார். இறைவன் அருளால் அது நிறைவேறுகிறது. வேதியர் மனம் மாறுகிறார்.

இம்மாற்றத்தால் விளைந்ததைக் கவனியுங்கள். சேக்கிழாரிடத்திலும் நாளை என்ற சொல் உண்டு, பாரதியாரிடத்திலும் உண்டு. முன்னதில் நந்தனாரின் உள்ளத்திலுள்ள தயக்கம் பயணத்தைத் தள்ளிப்போடுகிறது. பின்னதில் அடிமைத்தளை தள்ளிப்போடுகிறது. ஒரு மனிதனின் பக்திக்குக் குறுக்கே மற்றொரு மனிதன் நிற்பதைப் பாரதியார் வெளிப்படையாகக் காட்டினார். புராணத்தை வரிக்கு வரி ஒப்பிடுவோர் இதனைப் பிறழ்ச்சி என்பர். நாம் அதனை அறிந்து செய்த மாற்றம் என்போம். மூலத்தை நன்கு கற்ற ஒருவர், தம் காலத்துத் தஞ்சை வயல்களில் தாம் கண்டதை அம்மூலத்தின் உள்ளே வைத்துப் பாடினார்.

3. புலவர் விட்டது

அக்காலத்தில் மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் இந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுச் சென்றார் பாரதியார். இலக்கண வழுக்கள் மலிந்த நூலுக்குப் பாயிரம் தருவதா என்று பிள்ளையவர்கள் தயங்கினார். பாரதியார் பலமுறை வந்து காத்திருந்தார். ஒருநாள் அவ்வாறு காத்திருக்கையில் தம் கீர்த்தனையைத் தாமே பாட, அதனைச் செவியுற்ற பிள்ளையவர்கள் உருகிப் பாயிரம் வழங்கினார். பிள்ளையவர்களின் மாணாக்கரும், மாயூரத்தில் பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றவருமாகிய டாக்டர் உ.வே. சாமிநாதையர் இதனை எழுதி வைத்துள்ளார்.

முதலில் நாம் சொன்ன மூன்று இழப்புகளுள் முதலாவது இது. பெரும்புலவர் ஒருவர் கண்ணால் படித்தபோது வழுக்கள் தோன்றின. காதாற் கேட்டபோது பாட்டுத் தோன்றியது. ஏட்டில் உள்ள சொல் பாட்டின் பாதியே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. தம் முதற் கருத்தை மாற்றிக்கொள்ளத் தயங்காத பிள்ளையவர்களின் பெருந்தன்மையும் நாம் கற்க வேண்டியதே.

4. மேடை விட்டது

கதாகாலட்சேபத்திலே கதையும் பாட்டும் இணைந்தே செல்லும். பாகவதர் கதையைச் சொல்லி, காட்சியை நம் கண்முன் நிறுத்திய பின்னரே பாட்டைப் பாடுவார். பேசுபவர் நந்தனாரா, வேதியரா, சேரிப் பெரியவரா என்பதில் கேட்பவருக்கு ஐயம் எழாது. பிற்காலத்தில் சபா மேடைக் கச்சேரி வளர்ந்தது. இசைவாணர்கள் சரித்திரத்திலிருந்து சில கீர்த்தனைகளைத் தனியே எடுத்துப் பாடினர். அதனால் அவை நாடெங்கும் பரவின. இல்லாவிடின் நம் செவிக்கு எட்டியிரா. அந்நன்றியை மறவாமலே அடுத்ததைச் சொல்கிறோம்.

மாஞ்சி இராகத்தில் அமைந்த 'வருகலாமோ' என்னும் கீர்த்தனையை எடுத்துக்கொள்வோம். பைரவியை ஒத்த, நிதானமான, நெஞ்சைக் கரைக்கும் இராகம் அது. வித்துவான் விளம்பமாகப் பாடுகிறார். அவையோர் கண்மூடிக் கேட்கின்றனர். இறைவனை அணுக ஓர் அடியவர் அடக்கத்தோடு அனுமதி கேட்கிறார் என்றே பலரும் கொள்கின்றனர். ஆனால் அவ்வினாவை எழுப்புபவர் தில்லையின் எல்லையில், உள்ளே வரக்கூடாது என்று தடுக்கப்பட்ட நிலையில் நிற்கும் நந்தனார். எவரும் தடுக்காத இடத்தில் நின்று "வரலாமா?" என்று கேட்பது பணிவு. தடை உள்ள இடத்தில் நின்று கேட்டால் அதே வினா முறையீடாகிறது. சுரம் அதுவே, சொல்லும் அதுவே, பேசுபவர் மறைந்தமையாற் பொருள் மறைந்தது.

திரைப்படங்களும் இக்கதையை ஏற்றன. 1935இல் வெளிவந்த படத்தில் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். 1942இல் ஜெமினி நிறுவனம் எடுத்த படத்தில் எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராகப் பாடி நடித்தார். அப்படத்தில் பாபநாசம் சிவன், கொத்தமங்கலம் சுப்பு ஆகியோரின் பாடல்களும் சேர்ந்தன. எனவே, "நந்தனார் பாட்டு" என்று ஒன்றைக் கேட்டவுடன் அது கோபாலகிருஷ்ண பாரதியாருடையது என்று முடிவு செய்துவிடலாகாது. ஆசிரியர் யார் என்று அறிவதே புரிந்துகொள்ளுதலின் முதற்படி.

5. சுப்பிரமணிய பாரதியார் கேட்ட விதம்

கோபாலகிருஷ்ண பாரதியாரை மிகக் கூர்மையாகக் கேட்டவர் மற்றொரு பாரதியார். சுதேசிய இயக்கக் காலத்தில் சுப்பிரமணிய பாரதியார், நந்தனார் சரித்திரத்தின் வர்ணமெட்டுகளை எடுத்துத் தம் அரசியற் பாடல்களை அமைத்தார். பிறர் மெட்டை மட்டும் எடுத்துக்கொள்வர். இவரோ மெட்டோடு காட்சியையும் சேர்த்தே எடுத்தார்.

'தொண்டு செய்யும் அடிமை' என்ற பாட்டைப் பாருங்கள். தில்லை செல்ல விடை கேட்ட நந்தனாரை வேதியர் ஏசும் பாட்டின் மெட்டில் அது அமைந்துள்ளது. வேதியர் இருந்த இடத்தில் இப்பொழுது ஆங்கிலேய அதிகாரி இருக்கிறார். நந்தனார் நின்ற இடத்தில் சுயராச்சியம் கேட்கும் இந்தியர் நிற்கிறார். மூலப்பாட்டை அறிந்தவர் செவியில் ஏககாலத்தில் இரண்டு குரல்கள் ஒலிக்கும். "வெள்ளையர் உன்னை ஏசுகிறார் என்று கொதிக்கிறாயே, நீ உன் வயலில் நின்றவனை ஏசியது இதே மெட்டில் அல்லவா?" என்ற வினா, எழுதப்படாமலே எழுகின்றது.

அவ்வாறே, தில்லைக்குப் போக ஆசைப்படுவது நம் குலத்துக்குத் தகுமா என்று சேரியிலுள்ளோர் நந்தனாருக்கு அறிவுரை கூறும் பாட்டையும் அவர் எடுத்தாண்டார். அதனை, புதிய கட்சித் தலைவரை நோக்கி நிதானக் கட்சியார் கூறும் அச்சவுரையாக மாற்றினார். அடிமைத்தனம் மேலிருந்து அழுத்துவது மட்டுமன்று, உள்ளிருந்தே தடுப்பதும் ஆகும் என்பதை இம்மாற்றம் காட்டுகிறது.

இதுவும் அறிந்து செய்த மாற்றம். ஆயினும் எந்த மாற்றத்திலும் ஏதேனும் ஒன்று கைநழுவும் என்பதையும் மறைத்தல் ஆகாது. நந்தனார் நின்ற இடத்தில் படித்த தேசபக்தர் வந்து நின்றபோது, வயலில் நின்ற உழைப்பாளி நம் பார்வையிலிருந்து சற்று விலகினார். நாட்டின் அடிமைநிலை முன்னே வந்தது; சேரியின் அடிமைநிலை உவமையாகப் பின்னே சென்றது. சாதியை வேறு பாடல்களிற் கடுமையாகச் சாடியவர் பாரதியார். எனினும் இப்பாடல்களை மட்டும் தனியே படிப்பவர் இந்த விலகலைக் கவனித்தல் நன்று.

மற்றொரு செய்தியும் உண்டு. பாரதியார் கவிதைத் தொகுதிகளில் இப்பாடல்களின் தலைப்பின் கீழ் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்ற குறிப்புக் காணப்படும். நாமோ அக்குறிப்பைத் தாண்டிச் செய்யுளை மட்டும் மனனம் செய்கிறோம். மெட்டை இழந்தவுடன் அப்பாட்டின் எள்ளலிற் பாதி அழிந்துவிடுகிறது.

6. பாரதியாருக்கு நேர்ந்தது

பிறர் பாட்டை இத்துணைக் கவனமாகக் கேட்ட பாரதியாரின் பாட்டை நாம் எவ்வாறு கேட்டோம்? நம் பிள்ளைகள் மேடையிற் பெரிதும் விரும்பிப் பாடுவது 'சின்னஞ்சிறு கிளியே' என்னும் பாட்டு. அது 1917இல் பரலி சு. நெல்லையப்பரால் வெளியிடப்பெற்ற கண்ணன் பாட்டு என்ற நூலில் உள்ளது. நூலில் அதன் தலைப்பு, கண்ணம்மா என் குழந்தை என்பது. பராசக்தியைக் குழந்தையாகக் கண்டு சொல்லிய பாட்டு என்ற விளக்கமும், பைரவி இராகம், ரூபக தாளம் என்ற குறிப்பும் அங்கே தரப்பட்டுள்ளன.

இன்று நாம் பெரிதும் கேட்பது பைரவியில் அன்று. 1951இல் வெளிவந்த 'மணமகள்' என்னும் திரைப்படத்திற்காக சி.ஆர். சுப்பராமன் அதனை இராகமாலிகையாக அமைத்தார். எம்.எல். வசந்தகுமாரியும் வி.என். சுந்தரமும் பாடினர். அம்மெட்டின் இனிமையை எவரும் மறுக்க இயலாது. பாரதியார் பெயரை அறியாத வீடுகளிலும் அது புகுந்தது. ஆயினும் இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. ஒரே இராகத்தில் நின்று நெஞ்சு மெல்ல மெல்ல ஆழ்ந்துசெல்லும் அமைப்பு, இராகத்துக்கு இராகம் நிறம் மாறும் அமைப்பாயிற்று. குழந்தையாகக் காணப்பட்ட பராசக்தி மறைந்து, தாயொருத்தி தன் மகளைக் கொஞ்சும் பாட்டாக அது நிலைபெற்றது. அன்றியும், எல்லாச் செய்யுள்களும் பெரும்பாலும் பாடப்படுவதில்லை. உலகைப் படைத்த ஆற்றலையே மடியில் வைத்துக் கொஞ்சும் துணிவை அறியாமல், இனிய தாலாட்டு என்று எண்ணியே நாம் கேட்டுவிடுகிறோம்.

கண்ணன் பாட்டின் இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை வரைந்த வ.வே.சு. ஐயர், கவிதையழகை மட்டும் நுகர்ந்து இசையழகை மறந்துவிடலாகாது என்ற கருத்தை வற்புறுத்தினார். கடற்கரையிலே மாலைப்பொழுதில் ஆசிரியர் தாமே பாடக் கேட்டவர்களுள் அவரும் ஒருவர். சங்கீதத்தைப் பற்றிப் பாரதியார் எழுதிய கட்டுரையிலும், பொருள் அறியாமற் கீர்த்தனங்களைப் பாடும் வழக்கத்தைக் கண்டித்துள்ளார். அக்கண்டனம் அவருடைய பாடல்களைப் பாடுவோருக்கும் பொருந்துவதாயிற்று.

7. இதனால் நமக்கு என்ன?

பாட்டைப் பிறழப் புரிந்துகொண்டால் யாருக்கு என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். கேடு உண்டு. எங்கள் ஊர்க் கோயில் வீதிகளிலும் நந்தனார் இசைநாடகம் விடியவிடிய ஆடப்பட்டது. நந்தனார் வாசலில் நின்று பாடியபோது கூட்டம் கண்ணீர் விட்டது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் 1957இல் நிறைவேறியது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுள் செல்ல உரிமை கேட்டு நின்ற மக்கள் வாசலிலே தடுக்கப்பட்டனர். நாடகத்தில் நின்ற நந்தனாருக்காக அழுத கண்கள், வீதியில் நின்ற நந்தனார்களைக் காண மறுத்தன. பாட்டு உருக்கமாக இருந்தது. பாடுபவர் யார் என்பது மட்டும் நெஞ்சில் ஏறவில்லை. மூன்றாவது இழப்பு இத்துணைக் கொடியது.

நாம் நாடுவிட்டு நாடு வந்தோம். எடுத்துவந்த பெட்டியிற் சாதியையும் சிலர் மடித்துக்கொண்டு வந்தனர் என்பது பெற்றோர் அறியாததன்று. திருமணப் பேச்சு எழும்போது அப்பெட்டி திறக்கப்படுகிறது. இந்நாட்டிற் பிறந்த பிள்ளை நந்தனார் கீர்த்தனையைப் பயின்றுவிட்டு, "இவர் ஏன் வெளியே நிற்கிறார்?" என்று ஒருநாள் கேட்கும். "அது பக்தி, உனக்கு விளங்காது" என்று சொல்லி அனுப்பினால், நாமும் பாட்டிலிருந்து நந்தனாரை வெளியேற்றியவர்கள் ஆவோம். உண்மையைச் சொல்வது கடினம். ஆனால் தமிழ் கற்பிப்பது என்றால் அதனையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. பாடல் வரிகளை அந்நிய எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகின்றனர். அவ்வெழுத்திலே லகரம், ளகரம், ழகரம் ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகிவிடுகின்றன. பல்லியும் பள்ளியும் ஒன்றாகின்றன. வாளையும் வாழையும் ஒன்றாகின்றன. குரல் இனிது, தாளம் தவறவில்லை என்று நாம் கைதட்டுகிறோம். பாட்டு மேடையைச் சேர்ந்தது; சொல் பிள்ளையைச் சேரவில்லை.

ஆதலால், பாட்டை மாற்றவே கூடாது என்பது நம் கருத்தன்று. கோபாலகிருஷ்ண பாரதியார் சேக்கிழாரை மாற்றினார். சுப்பிரமணிய பாரதியார் கோபாலகிருஷ்ணரை மாற்றினார். அவர்கள் மாற்றியதனாலேயே நந்தனார் கதை உயிரோடிருக்கிறது. அவர்கள் முதலில் மூலத்தை முழுமையாகக் கேட்டனர். எதை மாற்றுகிறோம் என்று அறிந்து மாற்றினர். அறிந்து மாற்றுதல் ஆக்கம். அறியாது மாற்றுதல் இழப்பு. இங்கே வளரும் நம் பிள்ளைகள் நாளை தங்கள் மெட்டிலே, தங்கள் கருவிகளிலே இப்பாடல்களைப் பாடுவார்கள். அதனை நாம் தடுக்க வேண்டியதில்லை. மாற்றுவதற்கு முன் அவர்கள் கையில் மூலம் இருக்கவேண்டும். அதனைத் தருவதே நம் கடமை.

மாணவர் நினைவிற் கொள்ளவேண்டியவை

எந்தப் பாட்டையும் பயிலத் தொடங்குமுன் இவ்வைந்து வினாக்களுக்கும் விடை தேடுங்கள்.

1. இப்பாட்டை இயற்றியவர் யார்? எந்த நூலில் உள்ளது?
2. பாட்டினுள்ளே பேசுபவர் யார்? யாரை நோக்கிப் பேசுகிறார்?
3. பேசுபவர் எந்த இடத்தில், எந்த நிலையில் நிற்கிறார்?
4. சொற்கள் எவ்வாறு பிரிகின்றன? இசைக்காக நிறுத்தும் இடமும் பொருளுக்காக நிறுத்தும் இடமும் ஒன்றா?
5. ஆசிரியர் இராகமும் தாளமும் குறித்துள்ளாரா? நாம் பாடுவது அதுவா, பிறர் அமைத்ததா?

பயிற்சி

அ. 'திருநாளைப்போவார்' என்ற பெயரை இருவகையாகப் பிரித்து, இரண்டின் பொருளையும் எழுதுக. சரியானது எது? காரணம் தருக.

ஆ. சேக்கிழாரின் நந்தனார் காலந்தாழ்த்தியதற்கும் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் காலந்தாழ்த்தியதற்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

இ. உங்கள் வீட்டில் அடிக்கடி ஒலிக்கும் தமிழ்ப் பாட்டு ஒன்றைத் தெரிந்தெடுத்து, மேற்கூறிய ஐந்து வினாக்களுக்கும் பெற்றோரின் துணையோடு விடை காண்க. பெற்றோருக்கும் விடை தெரியாத வினா இருப்பின் அதனைக் குறித்துக்கொண்டு வகுப்புக்கு வருக. அவ்வினாவிலிருந்தே அடுத்த பாடத்தைத் தொடங்குவோம்.